ஈடு ஈடாக எடுக்க வேண்டிய மசியல்: முத்தியால்பேட்டைப் பிறந்தநாள் விருந்து ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

புதுச்சேரி முத்தியால்பேட்டையில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள ஒரு வீட்டின் மொட்டைமாடியில், ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் மாலையில் 70 பேருக்கு விருந்து நடந்தது. சிறிய அளவில் கேட்டரிங் செய்துவரும் நான் அதன் சமையல் பொறுப்பை ஏற்றிருந்தேன். அன்று நடந்ததைத் தொடக்கத்திலிருந்து எழுதிவைத்தால் இதே ஏற்பாட்டைச் செய்ய நினைக்கும் மற்றவர்களுக்கு உதவும் என்பதால் இதைப் பதிவு செய்கிறேன். குடும்பத்தினர், விருந்தினர், உடன் வேலை செய்தவர்கள் எவருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. நேரங்களையும் அளவுகளையும் அன்று கையோடு குறித்துக்கொண்ட நோட்டிலிருந்து எடுத்திருக்கிறேன்.

அந்த வீட்டின் மூத்த மகள் பிரான்ஸில் குடும்பத்துடன் வசிக்கிறார். புதுச்சேரியிலிருந்து அங்கே போய்க் குடியேறியவர்கள் பலரைப் போல அவரும் ஜூலை, ஆகஸ்டு விடுமுறையில்தான் ஊருக்கு வருவார். தம் மகளின் பத்தாவது பிறந்தநாளைத் தாத்தா பாட்டி வீட்டில் கொண்டாட விரும்பிய அவர், உருளைக்கிழங்கு மசியலை நடுவில் வைத்து அதைச் சுற்றிக் கிண்ணம் கிண்ணமாக டாப்பிங்குகளை அடுக்கும் மேசை ஒன்று வேண்டும் என்று கேட்டார். விருந்தினர் ஒரு கிண்ணத்தில் சூடான மசியலை வாங்கிக்கொண்டு, தமக்குப் பிடித்ததை மேலே தாமே போட்டுக்கொள்வார்கள். அமெரிக்காவில் திருமண விருந்துகளிலும் வீட்டு விருந்துகளிலும் வழக்கத்தில் உள்ள ஏற்பாடு இது. அங்கே துருவிய செடார் சீஸ், மொறுமொறுப்பாகப் பொரித்த பன்றி இறைச்சி, புளிப்பேற்றிய கிரீம், இறைச்சிச் சாற்றில் செய்த கிரேவி ஆகியவற்றை வைப்பார்கள். பிறந்தநாள் கொண்டாடும் பெண்ணுக்கோ மசியல் அன்றாட உணவு. பள்ளியில் சாப்பிடும் அதை 'புரே' என்றுதான் சொல்வாள். மற்ற விருந்தினரில் பெரும்பாலோர் அதைத் தனி உணவாகச் சாப்பிட்டதே இல்லை.

ஆடியில் சுபகாரியங்களைத் தவிர்ப்பவர்களும் பிறந்தநாளுக்கு மறுப்புச் சொல்வதில்லை. ஆனால் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் கோயில் தேர் அந்த வார வெள்ளிக்கிழமை வரவிருந்ததால், உறவினரில் பலர் விரதத்தில் இருந்தார்கள். வீட்டின் பெரியம்மா கைபேசியில் ஒவ்வொருவராக அழைத்துக் கணக்கெடுத்தபோது, 70 பேரில் 41 பேர் அன்று அசைவம் தொடமாட்டார்கள் என்று தெரிந்தது. இந்த எண்ணிக்கை பிறகு எடுத்த பல முடிவுகளைத் தீர்மானித்தது.

கிழங்கைத் தேர்ந்தெடுத்தது

டாப்பிங்குகளைப் பற்றி எல்லோரும் ஆர்வமாகப் பேசினார்கள். கிழங்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இந்த மேசையில் ஒவ்வொரு வாயிலும் இருக்கப்போவது கிழங்குதான் என்பதால் நான் அதிலிருந்தே தொடங்கினேன். ஆகஸ்டில் பெரிய மார்க்கெட்டில் இரண்டு வகைக் கிழங்கு கிடைத்தது. ஒன்று, நீலகிரியில் ஏப்ரலில் நட்டு அப்போது தோண்டத் தொடங்கியிருந்த புதுக் கிழங்கு. மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வருவது. தோல் மெல்லியது, சதை இறுக்கமானது, ஈரம் மிகுந்தது. மற்றொன்று, வடக்கே குளிர்காலப் பயிராக விளைந்து மார்ச் முதல் குளிர்பதனக் கிடங்கில் இருந்து வந்த கிழங்கு. வறுவலுக்கும் குருமாவுக்கும் நான் எப்போதும் ஊட்டிக் கிழங்கையே வாங்குவேன், துண்டு உடையாமல் நிற்கும் என்பதற்காக. மசியலுக்கு அதே குணம் குறையாகிவிடுகிறது: துண்டு உடையாமல் நிற்கும் கிழங்கு மசித்தாலும் மாவாக உதிர்வதில்லை.

இரண்டு வகையிலும் பத்துப் பத்து எடுத்து உப்புத் தண்ணீரில் சோதித்தேன். ஒரு டம்ளர் உப்புக்குப் பதினொரு டம்ளர் தண்ணீர் என்று கரைத்து அதில் கிழங்கைப் போட்டால், மாவுச்சத்து அடர்ந்த கிழங்கு மூழ்கும், ஈரக் கிழங்கு மிதக்கும். கிடங்குக் கிழங்கில் ஏழு மூழ்கின. புதுக் கிழங்கில் இரண்டு மட்டும். எனவே கிடங்குக் கிழங்கையே எடுத்தேன். அதில் வேறொரு சிக்கல் இருந்தது. மிகுந்த குளிரில் மாதக்கணக்கில் இருக்கும் கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடுவதால், வேகவைத்ததும் லேசான தித்திப்புத் தெரிகிறது. வெண்ணெயும் பாலும் சேர்ந்தால் அந்தத் தித்திப்பு இன்னும் துலங்கும். விருந்துக்கு எட்டு நாள் முன்பே 10 கிலோ வாங்கிக் கோணிப்பையில் கட்டி, வெளிச்சம் படாத இடத்தில் அறை வெப்பத்தில் வைத்தோம். அப்படி வைத்தால் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு மீண்டும் மாவுச்சத்தாகும். எட்டாம் நாள் வேகவைத்துச் சுவைத்தபோது தித்திப்பு நாக்கில் நிற்கவில்லை.

ஒத்திகைச் சமையல்

விருந்துக்கு மூன்று நாள் முன்பு 2 கிலோவில் ஒத்திகை பார்த்தோம். உடன் இருந்தவர், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்யாண வீடுகளில் இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் பொறுப்பேற்றுவரும் ஓர் அம்மா. முதல் பங்கைக் குக்கரில் வேகவைத்து மிக்ஸியில் ஓட்டினோம். பத்து நொடியில் அது பளபளவென்று இழுபடும் பசையாகிவிட்டது. வெந்த கிழங்கின் உயிரணுக்களுக்குள் மாவுச்சத்து தண்ணீர் குடித்துப் புடைத்திருக்கிறது. மிக்ஸியின் கத்தி அந்த அணுக்களைக் கிழித்ததும் அது வெளியே வந்து எல்லாவற்றையும் ஒட்டிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு வெண்ணெய் சேர்த்தாலும் மீட்க முடியாது. இரண்டாம் பங்கைக் கீரை மத்தால் கடைந்தோம்; சுவை நன்றாக இருந்தது, ஆனால் கட்டிகள் தங்கின, கட்டிகளைத் தேடிக் கடையக் கடையப் பசைத்தன்மை ஏறியது.

மூன்றாம் பங்குக்கு அந்த அம்மா தம் பையிலிருந்து, கைப்பிடியைத் திருகும் வகை இடியாப்ப அச்சை எடுத்தார். "சூடு ஆறறதுக்குள்ள இதுல போட்டுப் பிழி தம்பி, மாவுதான, கிழங்குன்னா என்ன?" என்றார். தட்டில் விழுந்தது வெள்ளை நூல் குவியல். கரண்டியால் இரண்டு முறை புரட்டியதும் கட்டியே இல்லாத மசியலாகச் சேர்ந்துகொண்டது. வெளிநாட்டுச் சமையலறைகளில் இதற்கென்றே ஓர் அழுத்துகருவி இருக்கிறது. அதன் வேலையும் இதே வேலைதான், துளை வழியாக ஒரே ஒரு முறை அழுத்தி அனுப்புவது. அவர் இன்னொன்றையும் மாற்றினார். குக்கரில் கிழங்கு வெடித்துத் தண்ணீர் குடிக்கிறது என்பதால், தோல் சீவித் துண்டுகளாக்கி இட்லி கொப்பரையில் துணி விரித்து ஆவியில் வைத்தார். முப்பது நிமிடத்தில் துண்டுகள் வெந்து, மேல்புறம் உலர்ந்து வந்தன. அந்த உலர்வால் வெண்ணெய் தங்குதடையில்லாமல் உள்ளே போயிற்று.

முதலில் வெண்ணெய், பிறகு கொதிக்கக் கொதிக்கப் பால் என்பதை அன்று உறுதி செய்தோம். ஆறிய பால் சேர்த்த பங்கு உடனே இறுகியது. உப்பைக் கிலோவுக்கு 8 கிராம் என்று குறைத்தே வைத்தோம், மேலே விழப்போகிற தொக்கும் நெத்திலியும் தம் பங்குக்கு உப்பைக் கொண்டுவரும் என்பதால்.

திட்டமும் அதன் காரணங்களும்

தலைக்கு 150 கிராம் மசியல் என்று கொண்டோம். அதன்படி 70 பேருக்கு பத்தரைக் கிலோ வேண்டும். 10 கிலோ கிழங்கில் தோலும் கழிவும் போக 9 கிலோ நிற்கும். அதனுடன் 900 கிராம் வெண்ணெயும் 1.8 லிட்டர் பாண்லே பாலும் சேர்ந்தால், ஆவியாகப் போவதைக் கழித்த பிறகும் 11 கிலோவுக்குக் குறையாது. சோறு இல்லாத விருந்தைப் பெரியவர்கள் விருந்தாகக் கொள்ளமாட்டார்கள் என்று பெரியம்மா சொன்னதால், கடைசியில் தயிர்சாதமும் மாவடுவும் இருக்கும் என்று ஏற்பாடு செய்தோம்.

டாப்பிங்குகளில் அமெரிக்கப் பட்டியலை அப்படியே எடுக்கவில்லை. புளிப்பேற்றிய கிரீமுக்குப் பதிலாகத் துணியில் கட்டி ஓர் இரவு தொங்கவிட்ட கெட்டித் தயிர். இறைச்சிக் கிரேவி இருந்த இடத்தில், காளானை நன்றாக வதக்கி அதன் சாற்றில் சோளமாவு கரைத்துக் கெட்டிப்படுத்திய குழம்பு. பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், பூண்டு வெண்ணெய், மிளகுக் காளான், சீஸ் துருவல், வெங்காயத்தாள், கருவேப்பிலைப் பொடி ஆகியவை சைவம். அசைவத்துக்கு இறால் தொக்கு, கோழி சுக்கா, நெத்திலி வறுவல். மசியல் காரமில்லாத, மென்மையான, வெண்ணெய் மணக்கும் பண்டம். அதன்மேல் விழுவது காரமாகவோ புளிப்பாகவோ மொறுமொறுப்பாகவோ இருந்தால்தான் எடுபடும். இந்தத் தேர்வில் எனக்கு இன்றும் குறை தெரியவில்லை. எல்லாவற்றையும் பாக்குமட்டைக் கிண்ணத்தில் பரிமாறுவது என்றும் முடிவாயிற்று.

நான் தவறிய இடம் வேறு. அடுப்பு கீழே வீட்டின் பின்கட்டில், விருந்து இரண்டாம் மாடிக்கு மேலே மொட்டைமாடியில். உதவிக்கு இருந்தவர்கள் இருவர் மட்டுமே. இருட்டிய பிறகு அவர்கள் சூடான பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குவதை நான் விரும்பவில்லை. முதல் விருந்தினர் வரும்போதே மேசை நிறைந்திருக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும் என்று குடும்பமும் கேட்டது. ஆகவே மசியல் முழுவதையும் மாலை 5 மணிக்குள் முடித்து, வாடகைக்கு எடுத்த இரண்டு சேஃபிங் டிஷ்களில் கீழே ஜெல் எரிபொருள் வைத்துச் சூடாகவே காத்துக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

"மொத்தத்தையும் ஒரேயடியா பிழிஞ்சு வைக்காத. இட்லி மாதிரி ஈடு ஈடா எடு, நான் கீழ இருந்து அனுப்பறேன்" என்று அந்த அம்மா இரண்டு முறை சொன்னார். நான் மசியலைச் சாம்பாரைப் போல நினைத்துக்கொண்டிருந்தேன்: செய்து வைத்துவிட்டால் சூடு மட்டும் இருந்தால் போதும் என்று. அவர் அதை இட்லியாகப் பார்த்தார். அவர் மனம் கோணக்கூடாது என்பதற்காக 3 கிலோ கிழங்கைச் சீவித் துண்டுகளாக்கித் தண்ணீரில் போட்டு அவரிடமே விட்டுவிட்டேன். மீதி 7 கிலோவை என் திட்டப்படி செய்தேன்.

மாலை 4 மணி முதல் 7 மணி வரை

5.20க்கு இரண்டு பாத்திரங்களும் மாடியில் ஏறின. வெப்பமானியை நடுவில் குத்திப் பார்த்தபோது 68 டிகிரி காட்டியது. சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரிக்குக் குறையக்கூடாது, குளிர்ந்து பரிமாறுவது 5 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. எனவே அப்போது எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அழைப்பில் இருந்த நேரம் 6 மணி. நம் வீடுகளில் 6 என்றால் 7 என்பதை நான் அறிந்திருந்தும் கணக்கில் சேர்க்கவில்லை.

மாலையில் கடற்காற்று எழுந்தது. அந்தத் தெருவில் இரண்டு மாடிக்கு மேல் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. 6.10க்கு வெப்பமானி 62 காட்டியது. 6.20க்குப் படம் எடுப்பதற்காக மூடிகளைத் திறந்தார்கள். அழகாக இருக்கிறது என்று சிறிது நேரம் திறந்தபடியே விட்டுவிட்டார்கள். நான் அந்த நேரத்தில் கீழே தொக்கைச் சுடவைத்துக்கொண்டிருந்தேன். 6.50க்கு மேலே வந்து பார்த்தபோது, நான்கு ஜெல் டப்பாக்களில் மூன்று அணைந்திருந்தன. மசியலின் மேல் மஞ்சள் ஏடு படிந்திருந்தது. கரண்டியால் தட்டினால் காய்ந்த களிமண் போலக் கீறல் விட்டது. நடுவில் 54 டிகிரி, ஓரத்தில் 43.

அதே காற்று பொரித்த பண்டங்களையும் பதம் பார்த்திருந்தது. திறந்த கிண்ணத்தில் பரப்பியிருந்த பொன்னிற வெங்காயம் ஈரம் வாங்கித் துவண்டு போயிருந்தது. நெத்திலி வறுவலைக் கடித்தால் இழுத்தது. கடலோர ஊரில் பிறந்து வளர்ந்தும், அப்பளத்தை டப்பாவிலேயே வைத்துப் பழகியும், மேசையின் அழகுக்காக அவற்றைத் திறந்து வைக்க ஒப்புக்கொண்டேன்.

7 மணிக்கு எடுத்த முடிவுகள்

விருந்தினர் வரத் தொடங்கியிருந்தார்கள். மசியலைக் கொட்டிவிடுவதா, சூடாக்கிப் பரிமாறுவதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. சோற்றிலும் கிழங்கிலும் காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் வேகவைப்பதில் சாவதில்லை. வெதுவெதுப்பான மாவுப் பண்டத்தில் நீண்ட நேரம் இருந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. எனவே 'சூடாக்கினால் சரியாகிவிடும்' என்பதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. எவ்வளவு நேரம் வெதுவெதுப்பில் இருந்தது என்பதுதான் கேள்வி. 6.10க்கு 62 டிகிரி பதிவாகியிருந்ததால், 60க்குக் கீழே இருந்தது அதிகம் போனால் 40 நிமிடம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. அந்தக் குறிப்பு மட்டும் இல்லாதிருந்தால் 7 கிலோவையும் கொட்டியிருப்பேன்.

ஏடு படிந்த மேற்பகுதியை, ஏறத்தாழ 700 கிராம், எடுத்துக் கழித்தோம். மீதியைக் கீழே இறக்கி, அகன்ற பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கும் தண்ணீரின் மேல் வைத்து, சூடான பால் விட்டுக் கிளறி 75 டிகிரிக்குக் கொண்டுவந்தோம். அதற்கு இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. அந்த இடைவெளியை நிரப்ப, 8 மணிக்கு வைத்திருந்த கேக் வெட்டுவதை 7.05க்கு முன்னே கொண்டுவரும்படி குடும்பத்திடம் கேட்டேன். காரணத்தை மறைக்காமல் சொன்னேன். பெரியம்மா உடனே ஒப்புக்கொண்டார். அதே நேரத்தில் இட்லி அம்மா தம் 3 கிலோவைக் கொப்பரையில் ஏற்றினார்.

சேஃபிங் டிஷ்களை மீண்டும் பயன்படுத்தவில்லை. வீட்டில் இருந்த மூன்று பெரிய ஹாட்பாக்குகளைக் கொதிநீர் ஊற்றிச் சுடவைத்து வடித்து, இரண்டு இரண்டு கிலோவாக அவற்றில் அடைத்து அனுப்பினோம். வறுத்த பண்டங்களைக் கீழே வாணலியில் ஒருமுறை புரட்டிச் சூடேற்றி, எவர்சில்வர் டப்பாக்களில் மூடிவைத்து, கைப்பிடி கைப்பிடியாகவே கிண்ணத்துக்கு மாற்றினோம். மேசையின் வரிசையையும் மாற்றினேன். அதுவரை ஐஸ் தட்டின் மேல் இருந்த தயிர் தொடக்கத்தில் இருந்தது. மசியல் மேல் முதலில் குளிர்ந்த தயிர் விழுந்தால் 150 கிராம் மசியல் நிமிடத்தில் ஆறிவிடும். சூடான குழம்பும் வெண்ணெயும் முன்னே, தயிரும் வெங்காயத்தாளும் கடைசியில் என்று ஆக்கினோம்.

பந்தி நடந்த விதம்

7.30க்கு வரிசை தொடங்கியது. முதலில் வந்த பெரியவர் ஒருவர் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, பரிமாற நின்ற பெண்ணிடம், "ஏம்மா, இது போண்டாவுக்கு வச்ச கிழங்கா? மஞ்சளே காணோமே" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டாலே 70 பேருக்கு 70 நிமிடம் ஆகும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அந்தப் பெண்ணையே மசியலைப் போட்டு நடுவில் குழி செய்து, குழம்போ வெண்ணெயோ ஊற்றிக் கொடுக்கச் சொன்னோம். விருந்தினர் மற்றவற்றை மட்டும் தாமே எடுத்துக்கொண்டார்கள். மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தி இரண்டு பக்கமும் நடக்க வழி செய்தோம். அதன்பின் வரிசை கலைந்தது.

7.45 அளவில், சிறுவன் ஒருவன் இறால் தொக்கில் இருந்த கரண்டியை எடுத்துக் காளான் குழம்பில் போட்டுவிட்டான். விரதத்தில் இருந்த ஒரு மூதாட்டி அதைப் பார்த்துத் தம் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்துவிட்டார்; யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் எனக்கு அதிகம் வருத்தம் தந்தது. 41 பேர் சைவம் என்று முன்பே தெரிந்திருந்தும், இரண்டு வகைக்கும் ஒரே மேசையில் இடையே ஒரு பூச்சாடியை மட்டும் வைத்திருந்தேன். அந்தக் குழம்பை முழுவதும் அகற்றி, கீழே எடுத்து வைத்திருந்த ஒன்றரை லிட்டரைப் புதுப் பாத்திரத்தில் கொண்டுவந்தோம். அசைவத்தை மாடியின் மறுகோடியில் தனி மேசைக்கு மாற்றினோம். மூதாட்டியிடம் போய், "பாட்டி, அது வேற பாத்திரம், கரண்டியும் புதுசு. நான் இப்பதான் கீழ இருந்து எடுத்துட்டு வந்தேன்" என்று சொல்லிப் புதிய கிண்ணத்தைக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார்.

சூடாக்கிய மசியல் பாதுகாப்பாக இருந்தது. நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆறும்போது மாவுச்சத்து இறுகிவிடுகிறது. அதை இளக்குவதற்காகக் கிளறிய கிளறலில் உயிரணுக்கள் மேலும் உடைந்தன. கரண்டியைத் தூக்கினால் மசியல் நூலாக இழுபட்டது. பெரியவர்கள் மரியாதைக்காகச் சாப்பிட்டார்கள், குழந்தைகள் மேலே இருந்த சீஸையும் கோழியையும் மட்டும் எடுத்துக்கொண்டு கிண்ணத்தை வைத்துவிட்டார்கள்.

7.50க்கு இட்லி அம்மாவின் ஈடு மேலே வந்தது. கொப்பரையிலிருந்து அச்சுக்கு, அச்சிலிருந்து வெண்ணெய்க்கு, அங்கிருந்து ஹாட்பாக்குக்கு என்று பதினைந்து நிமிடத்தில் முடித்திருந்தார். கிண்ணத்தில் விழும்போது அது மெத்தென்று அமர்ந்தது. நடுவில் குழி போட்டதும் பூண்டு வெண்ணெய் அதில் உருகித் தேங்கி, ஓரம் வழியாகக் கசிந்தது. பிறந்தநாள் பெண் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இதுதான்மா புரே" என்று தன் தாயிடம் சொன்னாள். அந்த மூன்று கிலோவும் இருபது நிமிடத்தில் தீர்ந்தது. அதன்பின் வந்து கேட்டவர்களுக்குக் கொடுக்க இல்லை.

விளைவு

இரவு எல்லாம் முடிந்ததும் குப்பைக்குப் போகும் முன் கிண்ணங்களைப் பிரித்துப் பார்த்தோம். முதல் மசியல் பரிமாறியபோது வந்த கிண்ணங்களைத் தனிக் கூடையில் சேர்க்கச் சொல்லியிருந்தேன். அவற்றில் 19 கிண்ணங்களில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. இரண்டாவது கூடையில் அப்படி இருந்தவை 2. ஹாட்பாக்குகளில் மிஞ்சிய பழைய மசியல் 2.3 கிலோ, குடும்பம் அதை எடுத்துவைக்கலாமா என்று கேட்டபோது, ஒருமுறை வெப்பம் இறங்கி ஏறியது என்பதால் வேண்டாம் என்று சொல்லிக் கொட்டினோம். மறுநாளும் அதற்கடுத்த நாளும் பெரியம்மாவிடம் பேசினேன். வந்தவர்களில் எவருக்கும் வயிற்றுக் கோளாறு இல்லை.

டாப்பிங்குகளில் காளான் குழம்பும் இறால் தொக்கும் முழுவதும் காலியாயின. சீஸ் துருவல் பாதிக்கு மேல் மிஞ்சியது. கருவேப்பிலைப் பொடியைப் பெரியவர்கள் தயிருடன் சேர்த்து விரும்பிச் சாப்பிட்டார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. கட்டணத்தில் குடும்பம் எதையும் குறைக்கவில்லை. கழித்ததும் கொட்டியதுமாகப் போன மூன்று கிலோ மசியலுக்கான பொருட்செலவை நானே கணக்கில் கழித்துக்கொண்டேன்.

அடுத்த முறை மாற்றுவது

மசியலை இனி ஒரேயடியாகச் செய்து வைக்கமாட்டேன். 2.5 கிலோ கிழங்கு ஓர் ஈடு. ஓர் ஈடு மேலே போகும்போது அடுத்தது கொப்பரையில் வேக வேண்டும், அதற்கடுத்தது சீவித் தண்ணீரில் கிடக்க வேண்டும். ஓர் ஈட்டுக்குப் பிழிவது உட்பட 45 நிமிடம் ஆவதால், இரண்டு கொப்பரைகளை மாற்றி மாற்றி வைத்தால் இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய மசியல் கிடைக்கும். முதல் ஈட்டை ஏற்றும் நேரத்தை அழைப்பிதழைப் பார்த்து முடிவு செய்யாமல், பத்து விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகு ஏற்றுவேன். படிக்கட்டு ஏறுவதற்கென்று மட்டும் ஓர் ஆள் கூடுதலாக வேண்டும். நான் தவிர்க்க முயன்ற அந்த ஒரு கூலிதான் மூன்று கிலோ மசியலைக் கொட்ட வைத்தது. படம் எடுக்க மேசை நிறைந்திருக்க வேண்டும் என்றால் டாப்பிங்குகளை வைத்து எடுத்துக்கொள்ளலாம், மூடியைத் திறக்கத் தேவையில்லை.

திறந்த வெளியில் ஜெல் எரிபொருளை நம்புவதை விட்டுவிட்டேன். வெப்பமானியை மேசையிலேயே கட்டிவைத்து, கால்மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதும் பொறுப்பைப் பரிமாறும் பெண்ணிடம் கொடுப்பேன். சைவமும் அசைவமும் தனித்தனி மேசைகளில், எட்டாத தூரத்தில் இருக்கும். சைவக் கரண்டிகள் மரக்கைப்பிடி உடையவையாகவும் மற்றவை எவர்சில்வராகவும் இருக்கும், கண்ணால் பார்த்தாலே தெரியும்படி.

இட்லி அம்மாவை இனி மசியலுக்கும் பொறுப்பாளராக வைத்திருக்கிறேன். அவர் கேட்டது ஒன்றுதான்: அகன்ற துளை உள்ள வில்லையோடு இரண்டாவது அச்சு ஒன்று. வாங்கிக் கொடுத்துவிட்டேன். மொட்டைமாடியில் இந்த மேசையை ஐப்பசி தொடங்கி மார்கழி முடிய ஏற்பதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம். அந்தப் பருவத்தில் கேட்பவர்களிடம் கீழே கூடத்திலோ தாழ்வாரத்திலோ இடம் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்கிறோம்.